மூலமில்லா உரை: ஆர் நிரல்மொழியும் அதன் விரைவுச் செயலாக்கங்களும்

திருக்குறளில் 1330 குறட்பாக்கள். குறளுக்கு ஏழு சீர். ஆக 9310 சீர்கள். இவற்றுள் எந்தச் சீர் எந்தெந்தச் சீரோடு எதுகையால் பொருந்துகிறது என்று முழுவதுமாகக் கணக்கெடுத்துப் பார்க்க வேண்டுமென்ற ஆசை 2009ஆம் ஆண்டில் நமக்கு ஏற்பட்டது. மதுரைத் திட்டத்தார் புண்ணியத்தில் மூலம் யூனிகோடில் கிடைத்தது. எண்ணுவதற்குத்தான் வழி தெரியவில்லை. கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் நண்பர் 'ஆர்' என்றொரு நிரல்மொழியைப் பரிந்துரைத்தார். ஆர் என்றதும் சோழர் சூடிய ஆத்தி மாலை நினைவுக்கு வருவது நம் குழுவினருக்கு இயல்பே. நமக்கும் அதுவே வந்தது. கரும்பின் சர்க்கரைக் கட்டுமானத்தையும் நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் நிலத்தடி நீர்மட்டத்தையும் மாணவர்களுக்கு விளக்க அவர் அதைத்தான் பயன்படுத்தி வந்தார். எங்கள் வட்டாரத்தில் புள்ளியியல் பாடத்துக்கு இவ்விரண்டையும் விட்டால் வேறு எடுத்துக்காட்டு ஏது?

பதினைந்து நாள் முயன்று ஒரு நிரல் எழுதினோம். ஒவ்வொரு சீரையும் அதற்குப் பின்வரும் எல்லாச் சீர்களோடும் ஒப்பிட வேண்டும். பொருந்தினால் அந்த இணையைப் பட்டியலின் கடைசியில் சேர்க்க வேண்டும். மொத்த ஒப்பீடுகள் 4 கோடியே 33 லட்சத்துச் சொச்சம். இரவு ஒன்பது மணிக்கு நிரலை ஓடவிட்டுப் படுத்தோம். அரைவைக் காலமாதலால் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் நெல்லிக்குப்பம் சாலையில் ஆலையை நோக்கி விடியவிடியப் போய்க்கொண்டிருந்தன. விடிந்தபோது ஆலை அரைத்து முடித்த கரும்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட நம் கணினி அரைத்திருக்கவில்லை.

நண்பர் வந்து பார்த்துச் சிரித்தார். சீர்களை முதலிலேயே இரண்டாம் எழுத்தின்படி கூறுபோட்டுக்கொள்ளுமாறு இரண்டு வரிகளை மாற்றினார். தேநீர் ஆறுவதற்குள் விடை வந்துவிட்டது. "குற்றம் பாதி உங்களுடையது, பாதி மொழியினுடையது" என்றார். அந்த இரண்டாம் பாதியைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

நம் நிரல் ஏன் அவ்வளவு திணறியது? ஆர் மொழியில் ஒரு பட்டியலின் முடிவுக்கு அப்பால் புதிதாக ஓர் உறுப்பைச் சேர்த்தால், அக்காலத்தில், முழுப் பட்டியலும் வேறோர் இடத்தில் மீண்டும் படியெடுக்கப்பட்டது. ஏட்டின் இறுதியில் ஒரு வெண்பாவைச் சேர்ப்பதற்காக ஏடு முழுவதையும் புதிதாக எழுதுவது போன்ற வேலை. நூறு பாடல் வரை பொறுக்கலாம். பல லட்சம் என்றால் எழுதுகிறவன் கை ஓய்ந்துவிடும். இதுபோக, நிரலின் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் படித்துப் பொருள் கொள்ளும் இன்டர்பிரட்டர் முறையில் அது இயங்கியது. நான்கு கோடி முறை சுற்றினால் ஒரே வரியை நான்கு கோடி முறை பதவுரை, பொழிப்புரையோடு படிக்கும்.

இம்மொழி பிறந்த கதையில் நமக்கு உவப்பான பெயரொன்று உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1976ஆம் ஆண்டு மே மாதம் ஜான் சேம்பர்ஸ், ரிக் பெக்கர் முதலியோர் கூடிப் பேசித் திட்டமிட்டது 'எஸ்' என்னும் புள்ளியியல் மொழி. அங்குப் புள்ளியியல் ஆய்வுக்குத் தலைமை வகித்தவர்களுள் ஒருவர் இராமநாதன் ஞானதேசிகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, வடகரோலினாவில் எஸ்.என். ராய் என்னும் வங்காள அறிஞரிடம் ஆய்வு செய்து 1957இல் முனைவர் பட்டம் பெற்றவர். மார்ட்டின் வில்க்குடன் சேர்ந்து 1968இல் அவர் எழுதிய கட்டுரை, தரவின் பரவலை ஒரே பார்வையில் சோதிக்கும் வரைபட முறையைப் புள்ளியியலாளர் கையில் கொடுத்தது. இன்றும் ஆர் மொழியில் ஒரே கட்டளையில் அதை வரையலாம். எண்களை வாய்பாட்டில் மட்டும் போடாமல் கண்ணால் பார்த்து ஆராய வேண்டும் என்ற அந்தக் குழுவின் மனப்பாங்கே எஸ் மொழியின் உயிர்.

எஸ் மொழிக்கு நூல் இருந்தது என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1988இல் பெக்கர், சேம்பர்ஸ், வில்க்ஸ் மூவரும் எழுதி வெளியிட்ட நூலை அட்டையின் நிறத்தால் 'நீல நூல்' என்பர். நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இரு விரிவுரையாளர்கள், தம் ஆய்வகக் கணினிகளில் மாணவர்களுக்குப் பயன்படும்படியான சிறு மொழியொன்றை 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியபோது, புறத்தோற்றத்துக்கு எஸ் மொழியையும் உள்ளமைப்புக்கு 'ஸ்கீம்' மொழியையும் எடுத்துக்கொண்டனர். தத்தம் பெயரின் முதலெழுத்தை அதற்குச் சூட்டினர். 1993இல் உலகுக்கு அறிவித்து, 1995இல் கட்டற்ற மென்பொருளாக வழங்கினர். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று ஆர் 1.0.0 வெளிவந்தது. ஆக, இன்று உலகம் மூலமாகக் கொண்டாடும் ஆர் தானே ஒரு மாற்றுச் செயலாக்கந்தான்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார் எனப் பலர் உரை கண்டனர். ஒருவரை ஒருவர் மறுப்பர். ஆனால் நூற்பா எல்லோருக்கும் பொது. நிரல்மொழியின் இலக்கணம் நூற்பா எனில், அதைக் கணினியில் இயக்கிக் காட்டும் செயலாக்கம் உரை. சி போன்ற மொழிகளுக்குத் தரநிலை ஆவணம் உண்டு. அதை வைத்துக்கொண்டு யார் வேண்டுமாயினும் புதிதாக ஒரு கம்பைலர் எழுதலாம்.

ஆருக்கு அப்படியொரு நூற்பா இல்லை. 'ஆர் மொழி வரையறை' என்றொரு கையேடு இருக்கிறது. அதன் முகப்பிலேயே 'வரைவு' என்ற சொல் இன்றுவரை நிற்கிறது. ஐயம் வந்தால் எங்கே பார்ப்பது? ஆர் குழுவினர் வெளியிட்ட அந்த ஒரே செயலாக்கம் என்ன செய்கிறதோ அதுவே இலக்கணம். அதன் பிழைகள்கூட யாரோ ஒருவருடைய நிரலுக்கு ஆதாரமாகிவிட்டன. உரையே மூலமாகிவிட்ட நிலை இது. இஹாகாவும் ஜென்டில்மனும் நீல நூலைக் கையில் வைத்துக்கொண்டு செய்த காரியத்தை, அவர்களுக்குப் பின் வந்தவர்கள் கையில் எதுவுமில்லாமல் செய்ய வேண்டியிருந்தது.

வந்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். டொராண்டோப் பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் ராட்ஃபோர்ட் நீல், 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் விந்தையான ஒன்றைக் கண்டார். ஒரே கூட்டலைச் சாதாரண அடைப்புக்குறிக்குள் எழுதினால் மெதுவாகவும், நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுதினால் விரைவாகவும் ஆர் செய்தது! பொருள் ஒன்று, காலம் வேறு. ஆர் மொழியில் அடைப்புக்குறியும் ஒரு செயற்கூறே. அவ்விரண்டையும் அழைக்கும் முறை உள்ளே வெவ்வேறாக இருந்ததுதான் காரணம். இப்படி எத்தனை இடங்களில் வீண் உழைப்பு ஒளிந்திருக்கும் என்று துருவத் தொடங்கினார் நீல். திருத்தங்களை ஆர் குழுவுக்கு அனுப்பினார். சிலவற்றை ஏற்றார்கள், பலவற்றை ஏற்கவில்லை. மனிதர் சோர்ந்துவிடாமல் ஆர் 2.15.0ஐ அடிப்படையாகக் கொண்டு 2013இல் 'பிக்யூஆர்' என்னும் விரைவுச் செயலாக்கத்தைத் தாமே வெளியிட்டார். கணினியின் பல மையங்களுக்குக் கணக்கைப் பகிர்ந்தளிக்கும் வசதியும் அதில் உண்டு. ஒற்றை மனிதர் ஓர் உரைமரபையே தாங்கி நின்றார் என்று சொன்னால் மிகையாகாது.

பிறர் அடித்தளத்தையே மாற்றிப் பார்த்தனர். ஸ்டான்ஃபோர்டில் 'ரிப்போஸ்ட்' என்றொரு ஆய்வு முயற்சி நடந்தது. நெதர்லாந்தில் பிறந்த 'ரென்ஜின்' ஜாவா மெய்நிகர் இயந்திரத்தின் மீது ஆரைப் புதிதாக எழுதியது. பர்தூ பல்கலைக்கழகத்தில் யான் விதெக், தோமாஷ் கலிபெரா முதலியோர் தொடங்கி, பின்னர் ஆரக்கிள் ஆய்வகத்தார் வளர்த்த 'ஃபாஸ்ட்ஆர்', ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரலின் போக்கைக் கவனித்து அதற்கேற்ற எந்திரக் கட்டளைகளை உருவாக்கிக்கொள்ளும் திறமுடையது. நமது நான்கு கோடிச் சுற்றுகளைப் போன்றவற்றுக்கென்றே பிறந்தது எனலாம்.

வணிக உலகின் நகைமுரண் ஒன்றையும் சொல்லிவிடுவோம். எஸ் மொழியின் உரிமையை 2004இல் லூசன்ட் நிறுவனத்திடமிருந்து இன்சைட்ஃபுல் வாங்கியது. இன்சைட்ஃபுல்லை 2008இல் டிப்கோ வாங்கியது. அந்த டிப்கோ சில ஆண்டுகளில் 'டெர்' என்ற பெயரில் ஆர் மொழிக்கு ஒரு விரைவுச் செயலாக்கத்தை அடியிலிருந்து எழுதி வெளியிட்டது. மூலத்தின் உரிமையாளரே உரைக்கு உரை எழுதப் புறப்பட்டார்!

இவ்வளவு இருந்தும் பெரும்பாலான பயனர்கள் பழைய ஆரைவிட்டு நகரவில்லை. சோம்பல் என்று முதலில் நாம் நினைத்தோம். நண்பர் விளக்கிய பிறகே புரிந்தது. ஆர் பயில்கிறவன் மொழியை மட்டும் பயன்படுத்துவதில்லை. 1997இல் வியன்னாவில் ஹோர்னிக், லைஷ் இருவரும் தொடங்கிய 'கிரான்' களஞ்சியத்திலிருந்து பிறர் எழுதிய பொதிகளை எடுத்துக்கொள்கிறான். இன்று அங்கே 20,000க்கும் மேற்பட்ட பொதிகள். அவற்றுள் ஏராளமானவை வேகத்துக்காகச் சி, சி++, ஃபோர்ட்ரான் மொழிகளில் எழுதப்பட்ட பகுதிகளைக் கொண்டவை. அப்பகுதிகள் பழைய ஆரின் வயிற்றுக்குள் கைவிட்டு அதன் உறுப்புகளை நேரடியாகத் தொடுகின்றன. புதிய செயலாக்கத்துக்கு அந்த உறுப்புகளே இல்லை. அல்லது வேறு இடத்தில் இருக்கின்றன. ஆகவே ரென்ஜினும் ஃபாஸ்ட்ஆரும் தம் ஆற்றலில் பெரும்பங்கைப் பழைய உள்ளுறுப்புகளைப் போல நடித்துக் காட்டுவதிலேயே செலவிட நேர்ந்தது. பழைய ஆர் மெதுவாக இருந்ததால்தான் பொதியெழுதியோர் சி மொழியை நாடினர். அவர்கள் நாடியதாலேயே விரைவான ஆர் உள்ளே வர முடியாமற்போயிற்று. இதைவிடக் கொடிய முடிச்சை நாம் எந்தக் காப்பியத்திலும் கண்டதில்லை.

படைத்தவரே இதை உணர்ந்திருந்தார். ஆரை ஒட்டுப்போட்டுப் பயனில்லை, லிஸ்ப் மொழியின் மேல் புதிதாகத் தொடங்குவோம் என்று இஹாகா, டங்கன் டெம்பிள் லாங்குடன் சேர்ந்து 2008இலேயே எழுதினார். கேட்பாரில்லை. 2012இல் வெளிவந்த ஜூலியா மொழியின் நால்வரோ (அவருள் வைரல் ஷா இந்தியர்) பழைய மூலத்துக்குக் கட்டுப்படாமல் புதுநூலே இயற்றிவிட்டனர். அது வேறு கதை.

மாற்றுச் செயலாக்கங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஃபாஸ்ட்ஆரின் வளர்ச்சி நின்றது. ரெவல்யூஷன் அனலிடிக்ஸை 2015இல் வாங்கிய மைக்ரோசாஃப்ட், விரைவுக் கணித நூலகத்தோடு வழங்கிவந்த தன் ஆர் பதிப்பைக் கைவிடுவதாக 2021இல் அறிவித்தது. பொதிகளின் அன்றாடப் படிகளைச் சேமித்து வைத்திருந்த அதன் களஞ்சியமும் 2023 ஜூலையில் மூடப்பட்டது. இந்த மூடலை நாம் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இன்ன நாளில் இன்ன பொதியைக் கொண்டு செய்த ஆய்வு என்று அதை நம்பிக் குறிப்பிட்டிருந்தவர்களின் நிலை, ஏட்டெண்ணை மேற்கோள் காட்டிய பின் சுவடி நிலையம் பூட்டப்பட்டதை ஒத்தது. உ.வே.சா. ஏடு தேடி அலைந்த நாட்டில் இதன் வலியை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தோற்றவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. ஆர் குழுவுக்குள்ளேயே இருந்த லூக் டியர்னி 2011இல் ஒரு கம்பைலரைச் சேர்த்தார். 2017 ஏப்ரலில் வெளிவந்த 3.4.0 பதிப்பிலிருந்து, நிரலின் சுற்றுகள் பயனர் கேட்காமலேயே கம்பைல் செய்யப்பட்டு ஓடின. அதே பதிப்பில் பட்டியலின் முடிவில் சிறிது இடத்தைக் கூடுதலாக ஒதுக்கிவைக்கும் ஏற்பாடும் வந்தது. ஏடு முழுவதையும் மீண்டும் எழுதும் தண்டனை நீங்கியது. அரசவைக்கு வெளியே பலர் உரத்துக் குறை சொல்லிக்கொண்டிராவிட்டால் இவை இவ்வளவில் நடந்திருக்குமா என்பது நமது ஐயம்.

ஃபாஸ்ட்ஆரை எழுதியவர்களுள் ஒருவரென்று மேலே சொன்ன தோமாஷ் கலிபெரா பின்னர் ஆர் குழுவிலேயே சேர்ந்தார். யூனிகோடு வசதி ஆரில் 2005இலேயே வந்துவிட்டது. லினக்சில் தமிழ் சரியாகத் தெரிந்தது. விண்டோசில் மட்டும் 'தமிழ்' என்று எழுதினால் பல நேரங்களில் கோணக்குறிகளுக்குள் எண்களாகவே காட்டும். நம் கல்லூரி ஆய்வகத்தில் இருந்தவை எல்லாம் விண்டோஸ் கணினிகள். எதுகைப் பட்டியலை மாணவர்களுக்குக் காட்டும்போதெல்லாம், இது 'க', இது 'த' என்று எண்களை நாம் வாயால் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. வள்ளுவரை எண்களாகப் படித்த வகுப்பு உலகில் வேறெங்கும் இருந்திராது. அந்தத் தடையை 2022 ஏப்ரலில் வெளிவந்த 4.2.0 பதிப்பு நீக்கியது. அதற்கான பெரும்பணியைச் செய்தவர் கலிபெரா.

அவ்வாண்டு கோடை விடுமுறையில், 2009இல் எழுதிய பழைய நிரலைத் தேடி எடுத்து, நண்பர் திருத்திய இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டு, நம் பிழைகளோடு அப்படியே ஓடவிட்டோம். கணினியும் புதியதுதான், மொழியின் பெருமை முழுவதையும் ஆருக்கே கொடுத்துவிட முடியாது. சில நிமிடங்களில் முடிந்தது. திரையில் சீர்கள் தமிழ் எழுத்திலேயே வரிசையாக இறங்கின. நண்பரை அழைத்துக் காட்டினோம். அவர் முதலில் பார்த்தது வேகத்தை. நாம் பார்த்தது எழுத்தை.