கடமையும் தொலைவும்: லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஏழையர் மருத்துவத்தின் வரலாறு

ஆதரவற்ற ஏழை நோயாளிகளைப் பேணும் பொறுப்பைக் கலிஃபோர்னியா மாநிலம் 1855ஆம் ஆண்டிலேயே கவுண்டிகளின் மேல் சுமத்திவிட்டது. கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழே, நம் மாவட்டத்தை ஏறக்குறைய ஒத்த ஆட்சிப் பிரிவு. ஆனால் அது ஆட்சியர் ஒருவரின் கீழ் இயங்குவதில்லை, மக்கள் தேர்ந்தெடுக்கும் மேற்பார்வையாளர் அவையால் ஆளப்படுவது, சொத்து வரியைத் தன் வருவாயாகக் கொண்டது. அமெரிக்காவின் கவுண்டிகளிலேயே மக்கள்தொகை மிகுந்த லாஸ் ஏஞ்சலஸ், 88 நகரங்களையும் ஏறத்தாழ ஒரு கோடி மக்களையும் உள்ளடக்கியிருப்பினும், அதன் மருத்துவமனைகளின் தலைவிதியை நெடுங்காலமாக ஐந்தே மேற்பார்வையாளர்கள்தாம் தீர்மானித்து வந்திருக்கின்றனர்.

தொடக்கத்தில் இந்தக் கடமையைக் கவுண்டி தானே செய்யவில்லை. 1856இல் அங்கு வந்து சேர்ந்த கத்தோலிக்கக் கன்னியர் 1858இல் தொடங்கிய மருத்துவ இல்லத்துக்கு ஏழை நோயாளிகளை அனுப்பி, அதற்கான செலவை மட்டும் ஏற்றுக்கொண்டது. 1878இல் சொந்த மருத்துவமனை எழுந்தது. 1933இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, போயில் ஹைட்ஸ் பகுதியில் இருபது மாடி அளவுக்கு உயர்ந்த பொது மருத்துவமனை திறக்கப்பட்டது. அந்தக் கட்டடத்தின் பெருமிதம் அன்றைய கவுண்டியின் செல்வத்தையும் நல்லெண்ணத்தையும் ஒருசேரக் காட்டுவதாயினும், ஏழையர் மருத்துவத்தின் பெரும்பகுதியை ஒரே இடத்தில் குவித்துவிட்டதில் பிற்காலத் தொல்லைக்கான வித்தும் இருந்தது. செலவை ஏற்பவர் யார் என்பதைச் சட்டம் சொன்னது. சிகிச்சை எங்கே கிடைக்கவேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

அருகில் இருந்தவர்களுக்கும் இந்த மருத்துவம் அச்சமின்றிக் கிடைத்ததென்று கூற முடியாது. 1924இல் மெக்சிகர் வாழ்ந்த மேசி தெருப் பகுதியில், மூச்சுக்காற்றின் வழியே பரவும் நுரையீரல் பிளேக் தோன்றி ஏறத்தாழ முப்பது பேரைப் பலிகொண்டபோது, சுகாதார அதிகாரிகள் குடியிருப்புகளைக் காவலிட்டு அடைத்தனர். பின்னர் எலி ஒழிப்பின் பெயரால் பல வீடுகள் இடிக்கப்பட்டன. அரை நூற்றாண்டுக்குப் பின், அதே கவுண்டியின் பொது மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த மெக்சிக வம்சாவளிப் பெண்கள் பலர், வலியின் நடுவே புரியாத மொழியில் நீட்டப்பட்ட தாளில் கையெழுத்து வாங்கப்பட்டுக் கருத்தடை செய்யப்பட்டதாக 1975இல் வழக்குத் தொடுத்தனர். 1978இல் நீதிபதி மருத்துவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். கவுண்டி மன்னிப்புக் கேட்டதோ 2018இல்தான்.

தொலைவு என்னும் குறை மிகக் கடுமையாக வெளிப்பட்ட இடம் கவுண்டியின் தென்பகுதியிலுள்ள வாட்ஸ். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தளங்களிலும் விமானத் தொழிற்சாலைகளிலும் வேலை தேடி அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து திரளாக வந்த கறுப்பின மக்கள், பிற பகுதிகளின் வீட்டுப் பத்திரங்களில் அவர்களுக்கு விற்கலாகாது என எழுதப்பட்டிருந்த நிபந்தனைகளால், வாட்ஸையும் அதன் சுற்றுப்புறத்தையும் தவிர வேறிடம் இன்றி அங்கேயே நெருங்கிக் குடியேறினர். அந்நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றிவைக்க இயலாதென 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் குடியிருப்பு அமைப்பு எளிதில் மாறவில்லை. வாட்ஸை நகர மையத்தோடு இணைத்த மின்சார ரயிலும் 1961இல் நின்றுபோனபின், கார் இல்லாத ஒருவர் சுமார் பத்து மைல் தள்ளியிருந்த பொது மருத்துவமனையை அடையப் பேருந்தையே நம்பவேண்டியிருந்தது.

1965 ஆகஸ்டில் அங்கு வெடித்த கலகத்தில் 34 பேர் உயிரிழந்தனர். அதன் காரணங்களை ஆராய மாநில ஆளுநர் அமைத்த, அமெரிக்க உளவுத்துறையின் முன்னாள் தலைவர் ஜான் மெக்கோன் தலைமையிலான ஆணையம், இரண்டரை லட்சம் மக்களுக்கு 106 மருத்துவர்களே இருந்ததையும், அப்பகுதியின் எட்டுத் தனியார் மருத்துவமனைகளில் இரண்டு மட்டுமே குறைந்தபட்சத் தரத்தை எட்டியதையும் சுட்டிக்காட்டிப் புதிய மருத்துவமனையொன்றைப் பரிந்துரைத்தது. காவல்துறை, வேலைவாய்ப்பு, பள்ளி ஆகியவை பற்றி அந்த ஆணையம் கூறியவற்றில் பல இன்று மேம்போக்கானவையாகத் தோன்றினாலும், மருத்துவம் பற்றிய பகுதி மட்டும் கண்ணால் கண்டதை அப்படியே எழுதிய குறிப்பாக நிற்கிறது.

ஆயினும் 1966 ஜூனில் அந்தப் புதிய மருத்துவமனைக்கான கடன் பத்திரத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தும், சட்டம் கேட்ட மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிட்டவில்லை. அப்பகுதியின் மேற்பார்வையாளரான கென்னத் ஹான் முதலியோர் வேறு வழியில் நிதி திரட்டியதால் 1972 மார்ச்சில் திறக்கப்பட்ட மருத்துவமனைக்கு, 1968இல் கொல்லப்பட்ட மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் சூட்டப்பட்டது. குருதியின் பிளாஸ்மாவைச் சேமித்துவைக்கும் முறையில் முன்னோடியான கறுப்பின மருத்துவர் சார்லஸ் ட்ரூவின் பெயரால் 1966இல் நிறுவப்பட்ட மருத்துவக் கல்லூரி அதனுடன் இணைந்தது. வன்முறை மிகுந்த ஆண்டுகளில் துப்பாக்கிக் குண்டு பட்டவர்கள் அங்கு இடைவிடாது வந்தமையால், படை மருத்துவர்களே போர்க்காயச் சிகிச்சையைப் பயில அந்த மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர்.

வருவாய் மட்டும் வேலைக்கு ஈடாக வளரவில்லை. 1978இல் வாக்காளர் ஏற்ற 13ஆம் முன்மொழிவு சொத்து வரிக்கு உச்சவரம்பு விதித்தது. 1982இல் மாநிலம், அரசுக் காப்பீட்டின் எந்தப் பிரிவிலும் அடங்காத முதியோர் அல்லாத ஏழைப் பெரியவர்களுக்காகத் தான் ஏற்றிருந்த பொறுப்பை மீண்டும் கவுண்டியிடமே தள்ளியது. 2002இல் கவுண்டியெங்கும் அவசரக் காயச் சிகிச்சைப் பிரிவுகள் மூடப்படக்கூடும் என்ற அச்சம் எழுந்தபோதுதான், அவற்றுக்கான புதிய வரியை வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் மேல் ஏற்றனர். 1966இல் பிறருக்கான மருத்துவமனைக்குப் போதிய ஆதரவு தராத வாக்காளர், நெடுஞ்சாலை விபத்தில் தாமும் சிக்கக்கூடும் என்று எண்ணியபோது இசைந்தனர் என்றே கொள்ளவேண்டும்.

அந்த வரியும் கிங் மருத்துவமனையைக் காக்கவில்லை. சிகிச்சைப் பிழைகளும் நிர்வாகச் சீர்கேடும் அங்கு ஆண்டுக்கணக்கில் நீடித்ததையும், கறுப்பின மக்களின் அடையாளமாகிவிட்ட நிறுவனத்தில் கைவைக்க மேற்பார்வையாளர்கள் தயங்கியதையும் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் 2004இல் தொடர்கட்டுரையாக வெளியிட்டுப் புலிட்சர் பரிசு பெற்றது. 2007 மே மாதம், அவசரப் பிரிவின் காத்திருப்பு அறையில் தரையில் கிடந்து துடித்த பெண்ணொருவர் கவனிப்பாரின்றி இறந்தார். ஆகஸ்டில் கூட்டரசு தன் நிதியை நிறுத்த, உள்நோயாளிப் பிரிவும் அவசரப் பிரிவும் மூடப்பட்டன. அவலமான பராமரிப்பு ஒழிந்தது; அதனுடன் அண்மையில் இருந்த பராமரிப்பும் ஒழிந்தது.

எட்டாண்டுகளுக்குப் பின், 2015இல், 131 படுக்கைகளுடன் அதே வளாகத்தில் திறக்கப்பட்ட மருத்துவமனையைக் கவுண்டி நேரடியாக நடத்தவில்லை. இலாப நோக்கற்ற தனி நிறுவனமொன்று நடத்துகிறது. ஏறத்தாழ 1858இன் ஏற்பாடு வேறு வடிவில் திரும்பியதென்று இதைக் கூறலாம். அங்கு வருவோரில் பெரும்பாலோர், மாநிலமும் கூட்டரசும் சேர்ந்து 1966 முதல் நடத்தும் மெடி-கால் என்னும் ஏழையர் காப்பீட்டை நம்பியவர்கள். அது தரும் தொகை தனியார் காப்பீடுகள் தருவதைவிட மிகக் குறைவு. எனவே நோயாளிகள் பெருகப் பெருக இழப்பும் பெருகி, 2023இல் அந்த மருத்துவமனை மூடப்படும் நிலைக்கு வந்துவிட்டதாகக் கூறி மாநிலத்திடம் உதவி கோரியது.