திரைக்குப் பின்னே யார்?

ஓஸ் என்னும் கற்பனை நாட்டிலே ஒரு மந்திரவாதி. இடியென முழங்குவான், நெருப்பும் புகையும் சூழப் பெருந்தலையாய்த் தோன்றுவான், கண்டோர் நடுங்குவர். ஒரு நாள், சிறுமியோடு வந்த நாய்க்குட்டி அங்கிருந்த திரையைக் கவ்வி இழுக்கிறது. உள்ளே மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. விசைகளைத் திருகியபடி நிற்கிறான் ஒரு சாதாரணக் கிழவன்! வகுப்பிலே இக்கதையை நான் கூறும்போதெல்லாம் இந்த இடத்தில் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பர். நம் ஊர்ச் சாமியாடிகளை அவர்களும் அறிவார்கள் அல்லவா!

ஃபிராங்க் பாம் என்ற அமெரிக்கர் 1900இல் வெளியிட்ட அக்கதையை, 1939இல் வண்ணப்படமாக்கி வெளியிட்டது மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம். குடும்பத்தோடு கண்டு களிக்கும் படங்களிலே இன்றும் முன்வரிசையில் நிற்பது அது. ஆனால் தோழர்களே, அப்படத்துக்குப் பின்னேயும் ஒரு திரை உண்டு. அதையும் சற்று விலக்குவோம்.

1937 இறுதியில் வெளிவந்த டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' பொன்னைக் குவித்தது. கண்ட முதலாளிமார் சும்மா இருப்பரோ? 27 இலட்சம் டாலருக்கு மேல் விழுங்கப்போகும் படத்துக்கு 1938 அக்டோபரில் படப்பிடிப்புத் தொடங்கியது. இயக்குநர் ரிச்சர்ட் தார்ப். தகர மனிதனாக நடித்தவர் பட்டி எப்சன். அவர் முகத்திலே அலுமினியப் பொடியைத் தூவினர். பொடி நுரையீரலில் புகுந்தது. சில நாட்களிலேயே மூச்சுத் திணறி மருத்துவமனையில் கிடந்தார். வேடம் ஜாக் ஹேலிக்குப் போயிற்று. பொடி, குழம்பாக மாற்றப்பட்டது. ஓர் உயிர் ஊசலாடிய பிறகே அந்த அறிவு பிறந்தது!

ஏறத்தாழ இரு வாரங்களில் தார்ப்பும் நீக்கப்பட்டார். அவர் எடுத்த காட்சிகள் குப்பைக்குப் போயின. அடுத்து வந்த ஜார்ஜ் கியூக்கர் ஒரு காட்சியும் எடுக்கவில்லை. சில நாட்களே இருந்தார். ஆயினும் அவர் செய்த வேலை பெரிது. பதினாறு வயது ஜூடி கார்லண்டின் தலையில் பொன்னிறப் பொய்முடி. முகத்திலே பூச்சுக்கு மேல் பூச்சு. அத்தனையும் களையச் சொன்னார். கான்சாஸ் நாட்டுப்புறச் சிறுமி, சிறுமியாகவே இருக்கட்டும் என்றார். ஆகவே, முதலாளியின் தலையீடெல்லாம் தீமையே என்று நான் வாதாடமாட்டேன். தார்ப்பை நீக்கியிராவிட்டால் நமக்கு ஒரு பொம்மைதான் கிடைத்திருக்கும்.

பிறகு விக்டர் ஃபிளெமிங் பெரும்பகுதியை எடுத்தார். அவர் காலத்திலேதான், 1938 டிசம்பர் 23இல், சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன் தீயில் சிக்கினார். புகையோடு புகையாக மறையவேண்டிய காட்சி; நெருப்பு முந்திக்கொண்டது; முகமும் கையும் வெந்தன. அந்த அம்மையார் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்து, இனி நெருப்பருகே நிற்கமாட்டேன் என்று உறுதிசெய்துகொண்டே திரும்பினார்.

1939 பிப்ரவரியில் ஃபிளெமிங்கை 'கான் வித் தி விண்ட்' படத்துக்கு மாற்றினர். அங்கே வெளியேற்றப்பட்டவர் யார் தெரியுமா? அதே கியூக்கர்! எஞ்சிய கான்சாஸ் காட்சிகளைக் கிங் விடோர் எடுத்து முடித்தார். ஜூடி வானவில்லை நினைந்து பாடுகிறாளே, அக்காட்சி அவருடையது.

இனித்தான் வேடிக்கை. பொதுமக்களுக்குப் படத்தை முன்னோட்டமாகக் காட்டினர். நீளம் மிகுதி, வெட்டுங்கள் என்றனர் மேலாளர்கள். ஐந்து வாரம் உழைத்து, ஏறத்தாழ 80,000 டாலர் செலவில் எடுத்த 'ஜிட்டர்பக்' நடனம் போயிற்று. ஆடியவர் வியர்வை வெட்டுத்துண்டாய் முடிந்தது. கத்தரி அத்தோடு நிற்கவில்லை. 'ஓவர் தி ரெயின்போ' என்ற அந்த வானவில் பாட்டின் மேலேயே விழுந்தது! காரணம் என்ன? கதை நகரவில்லையாம், நம் நிறுவனத்து நடிகை பண்ணை முற்றத்திலே நின்று பாடுவது மதிப்புக்குறைவாம். உழுது விதைக்கும் இடம் அவர்களுக்கு இழிவாகத் தோன்றிற்று!

தயாரிப்பாளர் மெர்வின் லெராயும் அவருடைய துணைவர் ஆர்தர் ஃபிரீடும் விடாது போராடினர், பாட்டு மீண்டது. மீண்ட பாட்டு அவ்வாண்டின் சிறந்த திரைப்பாட்டுக்கான ஆஸ்கார் பரிசையும் பெற்றது. பணம் கொடுத்தவர்க்குக் கணக்குத் தெரிந்திருந்தது. படத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பது, அதோடு உழன்றவர்களுக்கே தெரிந்திருந்தது.

படத்தின் தலைப்பிலே இயக்குநர் பெயர் ஒன்றே: ஃபிளெமிங். எழுதியோர் பத்துப் பேருக்கும் மேல். பொறிக்கப்பட்ட பெயர்கள் மூன்று. விடோர், தம் பங்கை 1949இல் ஃபிளெமிங் மறையும் வரை வெளியே சொல்லாதிருந்தார். அது பண்பு. எப்சனின் குரலோ கூட்டுப்பாட்டொன்றில் இன்னும் ஒலிக்கிறது, பெயரில்லாமல்.

வானவில் பாட்டுக்கு இசை தந்தவர் ஹெரால்ட் ஆர்லன். சொல் தந்தவர் ஹார்பர்க். இந்த ஹார்பர்க் இடதுசாரிக் கருத்தினர். அந்தக் 'குற்றத்துக்காக' 1950களில் ஹாலிவுட் அவரை விலக்கி வைத்தது. 1956 நவம்பரில் இப்படம் முதன்முறையாகத் தொலைக்காட்சி வழியே அமெரிக்க இல்லங்களில் நுழைந்தது. அன்று வீடுதோறும் அவர் பாட்டு ஒலித்தது. படப்பிடிப்பு நிலையங்களின் கதவுகளோ அவருக்கு மூடியே கிடந்தன.