வாழையடி வாழையாக வந்த நோய்



பின்புறச் சுவர் ஓரம் வாழை வைக்கலாம் என்ற பேச்சு எழுந்ததும், ஆளுக்கொரு கன்று கொண்டுவருவதாகச் சொன்னீர்கள். ஏரலில் மாமனார் தோட்டத்து நாட்டு வாழை, ஸ்ரீவைகுண்டத்து மொந்தன், பழனிப் பக்கத்து மலைவாழை என்று பட்டியல் நீண்டது. மழையை நம்பியிருக்கும் நம் ஓட்டப்பிடாரம் கரிசலில் வாழை வளர்ப்பதே பெரிய காரியம். காய், பூ, தண்டு மூன்றும் சமையலுக்கு ஆகும், பாரம்பரிய ரகமும் பிழைக்கும் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் கன்றை வண்டியில் ஏற்றும் முன் இந்தக் கதையைப் படித்துவிடுங்கள்.

நம்மூர் வ.உ.சி. 1906ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது நமக்கெல்லாம் தெரியும். அதே இலங்கையில் 1913ல் வாழைக்கு ஒரு புது நோய் கண்டது. இலைகள் குறுகி, விரியாமல், உச்சியில் கொத்தாக விறைத்து நிற்கும். குலை தள்ளாது. நம் விவசாயிகள் இதை முடிக்கொத்து நோய் என்கிறார்கள். 1940 வாக்கில் இது கேரளத்துக்கு வந்து சேர்ந்தது. 1959ல் மத்திய அரசு, நோய் கண்ட மாநிலங்களிலிருந்து பிற மாநிலங்களுக்கு வாழைக்கன்று கொண்டுபோகத் தடை விதித்தது. அந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

நம் மாநிலத்தில் அதிகம் அடிபட்டது மலைவாழை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்போன விருப்பாட்சியும் சிறுமலை வாழையும் இந்த இனம்தான். கீழ்ப்பழனி மலையில் 1970களின் தொடக்கத்தில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பிறகு சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. அங்கே யாரும் அந்த ரகத்தை வேண்டாம் என்று கைவிடவில்லை. ஆசையாகக் கன்று எடுத்து நட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். நோய் பரவிய வழிகளில் அதுவும் ஒன்று.

காரணம் எளிது. நாம் உண்ணும் வாழைக்கு விதை கிடையாது. தாயின் கிழங்கிலிருந்து முளைப்பதுதான் கன்று. அதாவது தாயின் உடம்பே அது. நெல்லிலோ கத்தரியிலோ, செடிக்கு வந்த வைரஸ்களில் பல விதைக்குள் போவதில்லை. வாழையில் அந்த வடிகட்டி இல்லை. 'வாழையடி வாழையாக' என்று வாழ்த்துகிறோமே, நோயும் அப்படியே வரும். தோட்டத்துக்குத் தோட்டம் தாவ வைக்க வாழை அசுவினி என்ற சிறு பூச்சி போதும். அது சாற்றை உறிஞ்சும்போது வைரஸையும் எடுத்துப்போகிறது. 1920களில் ஆஸ்திரேலியாவில் மெகீ என்ற ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்தார். நோய் வந்த வாழையைக் குணப்படுத்த அன்றும் மருந்து இல்லை, இன்றும் இல்லை. கிழங்கோடு அழிப்பது, கன்று நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவது என்று சட்டம் போட்டுத்தான் அங்கே வாழைத்தொழிலை மீட்டார்கள்.

அப்படியானால் நோயில் மாட்டிய அரிய ரகத்தை இழந்துவிட வேண்டியதுதானா? வழி 1952ல் பிரான்சில் பிறந்தது. மோரல், மார்ட்டின் என்ற இருவர் வைரஸ் தாக்கிய டாலியா செடியின் வளர்நுனியைத் துளியளவு வெட்டி, சோதனைக்குழாயில் வளர்த்து, நோயற்ற செடியைப் பெற்றார்கள். செடி முழுதும் நோய் இருந்தாலும், வேகமாக வளரும் அந்த ஊசிமுனை நுனிக்குப் பெரும்பாலும் வைரஸ் எட்டுவதில்லை. பிறகு உருளைக்கிழங்கு முதல் வாழை வரை இம்முறை பரவியது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1985 முதல் ஒரு வாழைக் காப்பகம் நடக்கிறது. 1,500க்கும் மேற்பட்ட ரகங்கள் அங்கே குழாய்களில் உயிரோடு இருக்கின்றன. நம் திருச்சியில் 1993ல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம், நோயற்ற மலைவாழைக் கன்றுகளை உருவாக்கி மலை விவசாயிகளிடம் சேர்த்தது. விருப்பாட்சியும் சிறுமலையும் 2008-09ல் புவிசார் குறியீடும் பெற்றன.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. திசு வளர்ப்புக் கன்று என்றாலே நோயற்றது என்று அர்த்தமில்லை. பரிசோதிக்காத தாயிலிருந்து எடுத்தால், ஒரு நோய் ஆயிரம் நோயாகப் பெருகும். அதனால்தான் 2006ல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குத் தேசியச் சான்றிதழ் முறை வந்தது. வாங்கும்போது அந்தச் சான்றைக் கேளுங்கள். இன்னொன்று, சுத்தமான கன்றுக்கும் இந்த நோயை எதிர்க்கும் சக்தி கிடையாது. பக்கத்தில் நோயுற்ற வாழை ஒன்று இருந்தால் அசுவினி மறுபடி கொண்டுவந்துவிடும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஊரிலிருந்து கன்று எடுத்தால், பல வருடமாக நன்றாகக் குலை தள்ளும் வாழையடியிலிருந்து மட்டும் எடுங்கள். இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீற்று தெரிந்தால் தொடவே வேண்டாம். வீட்டு ரகம் அரிதானது என்றால் நம் மாவட்டத்திலேயே இருக்கும் கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண் கல்லூரியில் ஒரு வார்த்தை கேளுங்கள். நட்ட பிறகு உச்சி கொத்தாக நின்றால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். முதலில் அசுவினியைக் கொன்று, பிறகு கிழங்கோடு தோண்டி அழித்துவிடலாம்.

மாமனார் வீட்டுக் கன்றை அழிக்க மனசு வராதுதான். ஆனால் 'பாவம், இருந்துவிட்டுப் போகட்டும்' என்று விட்டுவைக்கும் ஒரு கன்று, பக்கத்தில் நிற்கும் அத்தனை வாழைக்கும் நோயைக் கொடுத்துவிடும்.