பள்ளிக்கூடத்துக்குப் போகுது தாய்மாமன் சீர்! மாசி முதல் சித்திரை வரை குடும்பங்கள் தெரிஞ்சுக்க வேண்டிய முழு விவரம்

புதுக்கோட்டை:

மாசி பிறந்தாலே புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் கொட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். பூச்சொரிதல், காப்புக்கட்டு, தேர், நாடகம், மீன்பிடித் திருவிழா என்று சித்திரை முடியும்வரை ஊர் ஓயாது. இந்த வரிசையில் சில வருஷங்களாக இன்னொரு விழாவும் சேர்ந்திருக்கிறது. அதற்குப் பேர் 'கல்விச் சீர்'.

காதுகுத்துக்குத் தாய்மாமன் தட்டு எடுத்து வருவாரே, அதே மாதிரிதான் இதுவும். ஆனால் தட்டு போய்ச் சேரும் இடம் அரசுப் பள்ளிக்கூடம். புதுக்கோட்டை மட்டுமல்ல, சிவகங்கை, தஞ்சாவூர் என்று பக்கத்து மாவட்டங்களிலும் இந்த வழக்கம் பரவியிருக்கிறது.

எந்தெந்த மாதம் என்னென்ன நடக்கும், சீர் கொண்டுபோவது எப்படி, யாரிடம் கொடுக்கணும், ரசீது வாங்கணுமா, 'டொனேஷன்' கேட்டு வற்புறுத்தினால் என்ன செய்யணும் என்ற விவரங்கள் இதோ.

மாசி, பங்குனி, சித்திரை: ஊர் விழாக்கள்

புதுக்கோட்டை டவுனை ஒட்டிய திருவப்பூர் முத்துமாரியம்மன் கோவிலில் மாசித் திருவிழா விசேஷம். பூச்சொரிதலில் தொடங்கி தேரோட்டம் வரை கூட்டம் அலைமோதும்.

பங்குனியில் இரண்டு பெரிய விழாக்கள். திருச்சி ரோட்டில் உள்ள நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோவில் தேர் ஒன்று. பொன்னமராவதி பக்கம் கொன்னையூர் முத்துமாரியம்மன் கோவில் விழா இன்னொன்று. பால்குடம், காவடி என்று சுற்றுவட்டார ஜனங்கள் நடந்தே வருவார்கள்.

இதே பருவத்தில் கிராமத்துக் கோவில் திடல்களில் 'வள்ளி திருமணம்' நாடகம் விடிய விடிய நடக்கும். வெயில் ஏறி கண்மாய்த் தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதுதான் தாமதம், ஊத்தாவும் வலையுமாக ஊரே தண்ணீரில் இறங்கிவிடும். ஜாதி, மதம் பார்க்காமல் எல்லார் வீட்டிலும் அன்றைக்கு மீன் குழம்பு மணக்கும்.

பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். பெரிய தேர் நாளுக்குக் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுவது உண்டு. அதை ஈடுகட்ட வேறொரு சனிக்கிழமை பள்ளி வேலை நாளாக அறிவிக்கப்படும். விடுமுறை விட்டாலும் அன்றைக்குப் பொதுத்தேர்வு இருந்தால் தேர்வு நடக்கும். தேர் நாள் என்று பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாமல், பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மார்ச், ஏப்ரலில் பத்தாம் வகுப்பு, பிளஸ்-2 பிள்ளைகள் படிக்கிற நேரம். ராத்திரி 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. திருவிழாவுக்கென்று அரசு நேரம் தளர்த்தும் சில நாட்கள் மட்டும் விலக்கு. மைக்செட்காரரிடம் விழாக் கமிட்டியே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் சண்டை வராது.

கல்விச் சீர் எப்படி நடக்கிறது?

பெரும்பாலும் பள்ளி ஆண்டு விழாவை ஒட்டியே சீர் வைக்கிறார்கள். கோவில் வாசலிலோ, ஊர் மந்தையிலோ எல்லாரும் கூடுவார்கள். பெண்கள் தாம்பாளத்தில் நோட்டு, பேனா, பென்சில் டப்பா, பழம், பூ எடுத்துக்கொள்வார்கள். பீரோ, பெஞ்ச், நாற்காலி மாதிரி கனமான சாமான்கள் டாட்டா ஏஸிலோ, டிராக்டரிலோ ஏறும். மேளதாளத்தோடு ஊர்வலம் கிளம்பும்.

பள்ளி வாசலில் தலைமை ஆசிரியரும் மற்ற ஆசிரியர்களும் சந்தனம், குங்குமம், கற்கண்டு கொடுத்து, பன்னீர் தெளித்து வரவேற்பார்கள். கல்யாண வீட்டு வாசல் மாதிரியே இருக்கும்.

இதில் புதுசு என்று சொல்ல முடியாத ஒரு விஷயம் உண்டு. காமராஜர் முதல்வராக இருந்தபோது, கல்வித்துறை இயக்குனர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று 1958-ல் இருந்து 'பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்' நடத்தினார். ஊர் மக்கள் பணமாகவும், பொருளாகவும், நிலமாகவும் பள்ளிகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். மதிய உணவுத் திட்டமே ஆரம்பத்தில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசி, பருப்பு, காசு இவற்றை நம்பித்தான் தொடங்கியது.

புதுக்கோட்டைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1991-ல் இங்கே தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் கல் உடைக்கும் பெண்களும், வயக்காட்டு வேலைக்குப் போகிற பெண்களும் ஆயிரக்கணக்கில் எழுத்துப் படித்தார்கள். கூடவே சைக்கிளும் ஓட்டப் பழகினார்கள். ஊர் ஒன்றுகூடிப் படிப்புக்குத் தோள் கொடுப்பது இந்த மண்ணுக்குப் பழக்கமானதுதான்.

என்ன கொடுக்கலாம்?

சீர் கொடுப்பவர்கள் செய்கிற பெரிய தப்பு, பள்ளியைக் கேட்காமல் வாங்குவது. விளைவு, எட்டு சுவர்க்கடிகாரம் வந்து நிற்கும். ஃபேன் ஒன்றுகூட இருக்காது. ஒரு மாதத்துக்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் தேவைப் பட்டியல் வாங்கி, யார் எதை வாங்குவது என்று பிரித்துக்கொண்டால் காசு வீணாகாது.

* வகுப்பறைக்கு: ஃபேன், டியூப்லைட், பெஞ்ச், பீரோ, சின்னப் பிள்ளைகள் உட்காரப் பாய்.
* படிப்புக்கு: நோட்டு, கதைப் புத்தகம், வரைபடம், பூகோள உருண்டை, பிரிண்டர்.
* சாப்பாட்டுக்கு: எவர்சில்வர் தட்டு, டம்ளர், குடிதண்ணீர் டிரம்.
* விளையாட்டுக்கு: பந்து, ஸ்கிப்பிங் கயிறு, கேரம் போர்டு.

கையில் காசு இல்லையா? கவலையே வேண்டாம். கொத்தனார் ஒருநாள் வந்து உடைந்த படிக்கட்டைப் பூசிக் கொடுத்தாலும் சீர்தான். பெயிண்டர் கரும்பலகைக்குக் கறுப்பு அடித்துக் கொடுக்கலாம். எலக்ட்ரீஷியன் பழைய ஒயரை மாற்றித் தரலாம். தையல்காரர் கொடிக்குத் துணி தைக்கலாம். ஒருநாள் கூலியை விட்டுக்கொடுத்து ஒருவர் செய்கிற வேலைக்கு, பீரோ வாங்கிக் கொடுத்தவருக்குக் கிடைக்கிற அதே மாலை மரியாதை கிடைக்கணும். அதை விழாக் கமிட்டிதான் பார்த்துக்கொள்ளணும்.

மொய் வேறு, சீர் வேறு

கீரமங்கலம், வடகாடு, பக்கத்து மாவட்டத்துப் பேராவூரணி பகுதிகளில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடப்பது எல்லாருக்கும் தெரியும். கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். நோட்டில் எழுதிவைத்து, அவரவர் முறை வரும்போது கூடுதலாகத் திருப்பிச் செய்வார்கள். செய்யாவிட்டால் மானப் பிரச்சினை ஆகிவிடும்.

கல்விச் சீரில் அந்தக் கணக்கே கிடையாது. இது திரும்பி வராத பணம். அதனால் கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ சீர் செய்யவே கூடாது. 'அந்த வீட்டில் பீரோ கொடுத்தாங்க, நாம சும்மா போனா கேவலம்' என்று போட்டி போட ஆரம்பித்தால், இந்த நல்ல வழக்கமும் கல்யாணச் சீர் மாதிரி சுமையாகிவிடும்.

சில ஊர்களில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு தனித்தனியாகக் கொடுக்காமல், தெருவுக்கு ஒரு தட்டு என்று சேர்த்துக் கொண்டுபோவார்கள். 20 ரூபாய் போட்டவரும், 2,000 ரூபாய் போட்டவரும் ஒரே தட்டைப் பிடித்து நடப்பார்கள். யார் எவ்வளவு என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

பணமாகக் கொடுத்தால் கவனம்!

பொருளாகக் கொடுப்பதே சிக்கல் இல்லாதது. பணம்தான் கொடுக்கிறோம் என்றால் இந்த நாலையும் மறக்கக் கூடாது.

1. தனி ஆள் கையில் ரொக்கம் கொடுக்காதீங்க. யாருடைய சொந்த நம்பருக்கும் ஜிபே போடாதீங்க. பள்ளி மேலாண்மைக் குழு அல்லது பெற்றோர்-ஆசிரியர் கழகத்தின் வங்கிக் கணக்கில் போடுங்க.

2. 100 ரூபாயாக இருந்தாலும் ரசீது கேளுங்க. கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

3. கொடுத்த பொருள் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று பாருங்க. ஏறினால்தான் அது பள்ளிச் சொத்து. ஆசிரியர் மாறிப் போனாலும் பொருள் அங்கேயே இருக்கும்.

4. வரவு செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்க.

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாக இருக்கணும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 2024-ல் குழுக்களை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஆக, கேள்வி கேட்க உங்களுக்குச் சட்டமே நாற்காலி போட்டு வைத்திருக்கிறது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கிற ஊர்க்காரர்கள் படித்த பள்ளிக்கு உதவுவதற்காக, 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற திட்டத்தைத் தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது. பள்ளியின் பேரைக் குறிப்பிட்டே நன்கொடை கொடுக்கும் வசதி அதில் செய்யப்பட்டது.

வற்புறுத்தினால் அது சீர் இல்லை

'சீர் கொடுத்தால்தான் டி.சி.', 'நன்கொடை கட்டினால்தான் அட்மிஷன்' என்று யாராவது சொன்னால் அது வசூல். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் படிப்பு இலவசம். இது சட்டம் கொடுத்த உரிமை.

தனியார் பள்ளிக்கும் கட்டுப்பாடு உண்டு. சேர்க்கைக்காக நன்கொடை வாங்கினால், வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு. கட்டணத்தை நிர்ணயிக்கத் தமிழ்நாட்டில் 2009-லேயே தனிச் சட்டமும் வந்துவிட்டது. புகார் இருந்தால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417.

ஊர்வலத்தில் பிள்ளைகள் பத்திரம்

பங்குனி வெயில் பல்லைக் காட்டும். ஊர்வலத்தைக் காலை 10 மணிக்குள் முடித்துவிடுவது உத்தமம். செருப்பில்லாமல் தார் ரோட்டில் பிள்ளைகளை நடக்க விடாதீங்க. தண்ணீர், மோர் கூடவே இருக்கட்டும். பள்ளி வளாகத்திலும், சாமான் ஏற்றிய வண்டி பக்கத்திலும் வெடி வேண்டவே வேண்டாம். கனமான பெஞ்ச், பீரோவைப் பிள்ளைகளைத் தூக்கச் சொல்லக் கூடாது.

சீரில் பெரிய சீர்

2019 ஆகஸ்டில், ஒரு பிள்ளைகூட இல்லாமல் போன 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக மாற்றப் போவதாகத் தமிழக அரசு அறிவித்தது நினைவிருக்கலாம். அந்தப் பள்ளிகளுக்கும் கட்டடம் இருந்தது, மணி இருந்தது. பிள்ளைகள்தான் இல்லை.

கல்விச் சீர் நடக்கிற ஊர்களிலும் இந்தக் கேள்வி இருக்கத்தான் செய்கிறது. காலையில் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, பத்து மணிக்கு அரசுப் பள்ளிக்குத் தட்டு எடுத்து வருகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. உள்ளே வந்து வகுப்பறையைப் பார்த்து, டீச்சரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகட்டும். சீர் நாளின் முக்கியப் பலனே அதுதான். மற்ற நாளில் பள்ளிக்குள் காலெடுத்து வைக்கக் கூச்சப்படுகிற அப்பனும் ஆத்தாளும் அன்றைக்கு விருந்தாளியாக உள்ளே போகிறார்கள்.

2024, 2025 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் சேர்க்கையை மார்ச் 1-ம் தேதியே தொடங்கினார்கள். ஆக, சீர் எடுக்கிற பருவமும் பிள்ளை சேர்க்கிற பருவமும் ஒன்றாகவே வருகிறது. 5 வயது நிறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் பிறப்புச் சான்றிதழை எடுத்துவைத்துக்கொண்டு, ஊர்ப் பள்ளியில் ஒரு எட்டு விசாரித்து வாங்க. பீரோ நாளைக்குக்கூட வாங்கிக்கலாம். பெஞ்சில் உட்காரப் பிள்ளை வேணும். அதைவிடப் பெரிய சீர் எதுவும் இல்லை.