தமிழ்நாட்டில் லாரித் தொழில்

லாரித் தொழில் என்பது சரக்குகளைச் சாலைவழியாக வாடகைக்கு ஏற்றிச் செல்லும் தொழில் ஆகும். தமிழ்நாட்டில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர் பெற்றவை. லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும் எரிவாயு டேங்கர் லாரிகளும் நாமக்கல்லில் மிகுதி.

சென்னைத் தடம்

தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வரும் லாரிகள் பெரும்பாலும் செங்கல்பட்டு, ஊரப்பாக்கம் வழியான ஜி.எஸ்.டி. சாலையில் வருகின்றன. மாநகருக்குள் கனரக லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. ஊரப்பாக்கத்திற்கு வடக்கே வண்டலூரில் பிரியும் சுமார் 62 கி.மீ. நீள வெளிவட்டச் சாலை, மாநகருக்குள் நுழையாமலே மீஞ்சூரை அடைய உதவுகிறது.

ஓட்டுநர்கள்

நெடுந்தொலைவு ஓட்டுநர்களில் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஒரு நடைக்கு இவ்வளவு என்ற கூலியும் படியுமே வருமானம். சரக்கு ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கும் நேரத்திற்குத் தனி ஊதியம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இழந்த நேரத்தை ஈடுகட்ட, உறக்கத்தைக் குறைத்து இரவில் ஓட்டுவது வழக்கமாகிறது.

சட்டப் பாதுகாப்பு

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் (1961) நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வேலைநேரத்தை வரையறுத்தது; நெடுந்தொலைவுத் தடங்களில் முறையே 10 மணி, 54 மணி வரை அனுமதித்தது. மோட்டார் வாகனச் சட்டம் (1988) இவ்வரம்பை அனைத்துப் போக்குவரத்து ஊர்தி ஓட்டுநர்களுக்கும் பொருந்தச் செய்தது. எனினும் ஊதியத்துடன் கூடிய விடுப்பு முதலிய பிற உரிமைகள், பொதுவாக 5 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே உரியவையாக இருந்தன. இச்சட்டத்திற்கு மாற்றாகத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் (2020), 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் இவ்வெண்ணிக்கை 10 ஆக உயர்ந்தது. ஓரிரு லாரிகள் மட்டும் வைத்திருக்கும் உரிமையாளர்களே இத்தொழிலில் மிகுதி என்பதால், அவர்களிடம் பணிபுரியும் ஓட்டுநர்கள் இவ்வுரிமைகளுக்கு வெளியிலேயே உள்ளனர்.