கூலியும் சாமியும்

சங்ககிரிக் கோட்டையை அறியாதார் சேலம், நாமக்கல் சமவெளியிலே இலர். வெள்ளையரை எதிர்த்த தீரன் சின்னமலை 1805-ஆம் ஆண்டு தூக்கிலேற்றப்பட்ட இடம் அது. அந்த வீரத்தைப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆனால், வாளும் வேலும் ஏந்தாமல், வெறுங்கையோடு கடல் கடந்து போய், நிறவெறியின் முகத்திலே அறைந்த ஏழைகளும் உண்டே! அவர்கட்குக் கோட்டையுமில்லை, கொடியுமில்லை. அவர்களின் கதையைக் கேளீர், தோழர்களே!

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் இந்த மண்ணை வாட்டியது. நாமக்கல்லும் அன்று சேலம் மாவட்டத்தின் பகுதி. 1871-க்கும் 1881-க்கும் இடையே அம்மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மாண்டவர் பலர், பிழைக்க வழிதேடி ஓடியவர் பலர். பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட வந்த ரிச்சர்டு டெம்பிள் துரையோ, பாடுபடும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று கணக்கிட்டார்! பசித்தவன் வயிற்றிலும் சிக்கனம் கண்ட ஆட்சி அது.

இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி அழைத்தான். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள்பிடிப்போன் அழைத்தான். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் 1,52,000-க்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். வட ஆர்க்காட்டாரும் சேலத்தாரும் அவர்களிலே உண்டு.

ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டிலே மாதக் கூலி பத்து ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்ததும் விடுதலையா? இல்லை! 1895-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்து அங்கேயே வாழ விரும்புவோருக்கு ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதித்தது. முதலாண்டுக் கூலியிலே ஆறு மாத உழைப்பு அது! மீண்டும் அடிமைச் சீட்டு எழுது, அன்றேல் ஊரைவிட்டு ஓடு என்பதே அவ்வரியின் பொருள்.

வெள்ளையன் அவர்களை அழைத்த பெயர் என்ன? 'கூலி', 'சாமி'! முனுசாமி, ராமசாமி என்னும் பெயர்களின் வாலை வெட்டி, அதையே வசைச்சொல்லாக்கினான்.

1913 அக்டோபரில் வசை கேட்ட கூட்டம் வாய் திறந்தது. தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, வேலையை நிறுத்துங்கள் என்றனர். சுரங்கம் நின்றது, கரும்புத் தோட்டமும் நின்றது. நவம்பர் 6-இல் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் டிரான்சுவால் எல்லை நோக்கி நடந்தனர். சிறை வந்தது, சவுக்கு வந்தது, துப்பாக்கியும் வந்தது. சிறையிலே நோயுற்ற பதினாறு வயது வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் மாண்டார். அவ்வாண்டே தலைவரி ஒழிந்தது. காந்தியார் தலைமை தாங்கினார், உண்மை. எனினும், ஆதிக்கத்தை அசைத்தவை கூலிகளின் கரங்களன்றோ!

ஆயினும் அப்போர் இந்தியருக்காக மட்டுமே நடந்தது. அம்மண்ணின் மைந்தராம் கறுப்பர் அதிலே சேர்க்கப்படவில்லை. அக்குறையை நீக்க 1947 ஆயிற்று. ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் டாக்டர் சூமாவும், இந்தியக் காங்கிரசுகளின் டாக்டர் நாயக்கர், டாக்டர் தாதூ ஆகியோரும் அவ்வாண்டு உடன்பாடு கண்டனர். 1952-இல் இரு மக்களும் இணைந்தே நிறவெறிச் சட்டங்களை மீறினர். தனித்து நின்றபோது ஒரு வரி வீழ்ந்தது; இணைந்து நின்றபோது, நெடும்போருக்குப் பின் 1994-இல், நிறவெறி ஆட்சியே வீழ்ந்தது!

இனி நம் ஊருக்கு வருவோம். கடலுக்கு அப்பால் ஏளனமான அதே 'சாமி', இங்கே என்னவாயிற்று? சேரியிலே பிறந்தவன், துண்டை இடுப்பிலே கட்டிக் கைகட்டி, ஆண்டையை அழைத்த சொல்லாயிற்று! அங்கே சாமி என்றால் அடிமை. இங்கே சாமி என்றால் எசமான். சொல் ஒன்று, அதைத் தாங்கி நின்ற கொடுமையும் ஒன்றே. பிறப்பால் ஒருவன் தாழ்ந்தவன் என்பதுதானே நிறவெறி? அதைத்தானே சாதியும் சொல்கிறது?

பழங்கதை என்பீரோ? 2015-இல் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு தலித் இளைஞர் கடத்திக் கொல்லப்பட்டார். மாற்றுச் சாதிப் பெண்ணோடு பேசியதே அவர் செய்த 'குற்றம்'! 2022-இல் மதுரை நீதிமன்றம் கொலையாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனை ஆட்களுக்குக் கிடைத்தது. அவர்களை ஏவிய எண்ணத்திற்கு?

அந்தத் தண்டனையை வழங்க வேண்டியவர்கள் நாமே. நேட்டாலிலே நம்மவரை இழித்தவனைக் கண்டிக்கும் நாம், நம் தெருவிலே பிறரை இழிப்பவனைக் கண்டு வாய்மூடி நிற்பது அறிவுமன்று, அறமுமன்று. கூலி என்ற வசையைக் கடலுக்கு அப்பால் ஒழித்தது உழைப்பாளர் ஒற்றுமை. சாதி என்னும் இழிவை இச்சமவெளியிலே ஒழிக்க வல்லதும் அதுவே.