வேட்டியில் வடிந்த வெயில்

காட்கோபர் கிழக்கில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில், சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என் தமக்கை மகளைப் படம் எடுத்தார்கள். திருநெல்வேலிக்கு அனுப்ப வேண்டிய படம். எதற்கென்று நேயர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. அதற்கு முந்திய வாரம் ஒரு கடையில் எடுத்த படம் வந்திருந்தது. அதில் பெண்ணின் முகம் கோதுமை மாவைப்போல் வெளுத்திருந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, இந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டு அவர்கள் வந்தால் நாம் யாரைக் காட்டுவது?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். என் தமக்கை சிரிக்கவில்லை.

ஆகவே இரண்டாம் முறை ஏற்பாடாயிற்று. காமராஜ் நகரிலிருந்து வந்த இளைஞர் காமிராவை எடுக்குமுன் கேட்டது ஒரு பழைய வேட்டி. துணி உலர்த்தும் கொடிகளின்மேல் அதை விரித்துக் கட்டி, அதன் கீழே பெண்ணை நிறுத்தினார். அந்த வேட்டியைக் கண்டதும் என் நினைவு நூறாண்டுகளுக்கு முற்பட்ட சென்னைக்குச் சென்றது.

1917ஐ ஒட்டிய ஆண்டுகளில், மோட்டார் வாகன வியாபாரத்திலிருந்து படத்தொழிலுக்கு வந்த ஆர். நடராஜ முதலியார், புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஒரு வீட்டை அமர்த்தி, 'கீசக வதம்' என்னும் மௌனப் படத்தை எடுத்தார். தென்னிந்தியாவின் முதற் கதைப்படம் அதுவே. பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் காமிராவைக் கையாளக் கற்றிருந்தார் அவர். அவருக்கு வாய்த்த விளக்கு கதிரவன் ஒன்றே. அரங்கின்மேல் கூரைக்குப் பதிலாக மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் வழியே வடிந்து தரையில் விழுந்த வெளிச்சத்தில் நடிகர்களைப் படம் பிடித்தார். தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மொழிகளில் எழுத்து அட்டைகள் அமைந்தன. இந்தி வாசகங்களை எழுதியவர் காந்தியடிகளின் மைந்தர் தேவதாஸ் காந்தி என்பர். மொழிபெயர்ப்பே பிழைப்பாகிவிட்ட என் போன்றவனுக்கு இச்செய்தியில் ஒரு தனிச் சுவை உண்டு. அப்படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை.

துணி என்ன செய்கிறது? வானத்தில் கதிரவன் நம் கண்ணுக்குச் சிறு வட்டம். சிறிய இடத்திலிருந்து வரும் ஒளி கத்திபோல் வெட்டும். மூக்கின் நிழல் உதட்டின்மேல் விழும், கண்குழிகள் இருளும். இடையில் வேட்டியைப் பிடித்தால், வேட்டி முழுவதுமே விளக்காகிவிடுகிறது. பரந்த இடத்திலிருந்து வரும் ஒளி பல திசைகளிலிருந்தும் முகத்தில் விழுவதால், நிழலின் ஓரம் கரைந்துவிடுகிறது. துணி முகத்துக்கு அருகில் வரவர மென்மை கூடும். நம் ஊர்த் திண்ணையின் விளிம்பில் உட்கார்ந்தவர் முகம் அழகாகத் தோன்றுவதும் இதனாலேதான். அங்கே கூரை வெயிலை மறைக்க, எதிரேயுள்ள வானமும் தெருவும் விளக்காகின்றன.

முதலியாருக்கு முன்பும் இக்கலை இருந்தது. பம்பாயில் ஒளிப்படச் சங்கம் 1854லும் சென்னையில் 1856லும் தோன்றின. ராஜா தீன்தயாள் 1896ல் பம்பாயில் தம் நிலையத்தைத் திறந்தார். அக்காலத்துப் படநிலையங்களுக்குக் கண்ணாடிக் கூரையும் கண்ணாடிச் சுவரும் வேண்டும். திரைச்சீலைகளை இழுத்தும் விலக்கியும் ஒளியை அளப்பார்கள். ஐரோப்பியக் கைநூல்கள் வடக்கு நோக்கிய சாளரத்தையே விதித்தன. அங்கே நண்பகல் வெயில் தெற்கிலிருந்தே வரும். அந்த விதி நம் நாட்டில் முழுதும் செல்லுபடியாவதில்லை. சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி கடந்தும் கதிரவன் உச்சிக்கு வடக்கே செல்கிறான். பம்பாயில் மே நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை அவ்வாறே. அந்நாட்களில் வடக்குச் சாளரத்தில் நண்பகலிலேயே வெயில் எட்டிப் பார்க்கும். பம்பாய்க்காரர்களுக்கு அதில் பெரும்பகுதி மழைக்காலமாதலால் மேகமே திரைச்சீலையாகிவிடும். சென்னைக்காரர் துணியைத்தான் நம்ப வேண்டும்.

இதனினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. சிவப்பை அறியவே மாட்டா. மாநிறத் தோலிலிருந்து திரும்பும் ஒளியிலோ சிவப்பும் மஞ்சளுமே மிகுதி. எனவே மாநிறமானவர் படத்தில் கரியவரானார். கரியவர் முகத்தில் கண்ணும் பல்லுமே தெரிந்தன. ஜெர்மானிய வேதியியலறிஞர் ஃபோகல் 1873ல் சாயமூட்டித் தகட்டின் பார்வையை விரிவாக்க வழி கண்டார். ஆயினும் சிவப்பையும் காணும் பிலிம் திரைத்தொழிலில் பொதுவழக்கானது 1920களின் பிற்பகுதியில்தான். இடைப்பட்ட காலமெல்லாம் முகத்தில் மாவு பூசினார்கள். எதிர்ப்படத்தில் பென்சிலால் தீற்றினார்கள். எதிர்ப்படத்தில் கறுத்த இடம் அச்சில் வெளுக்குமல்லவா? கருவியின் குறையை மறைக்கப் பிறந்த அப்பழக்கம், குறை நீங்கிய பின்னும் போகவில்லை என்பதே என் கருத்து. இன்றைய கைப்பேசி கேட்காமலே முகத்தை வெளுக்கிறது. அதற்குத் தகட்டின் குருட்டுத்தனத்தைக் காரணம் காட்ட முடியாது.

துணியின் கதை 1956ல் இன்னொரு திருப்பம் கண்டது. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டு முற்றம் ஒன்றைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் கட்டினார் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா. திறந்த முற்றத்தில் விழும் வானவெளிச்சம் மின்விளக்குகளின் கீழ் வராது என்று ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அஞ்சினார். பிறகு, அரங்கின்மேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அத்துணியின்மேல் பாய்ச்சி, அதிலிருந்து திரும்பி வரும் ஒளியில் படமெடுத்தார். முதலியார் வானத்தை வடிகட்டினார். மித்ரா வானத்தையே செய்துகொண்டார்.

எங்கள் மாடிக்கு வருவோம். மும்பைக் கட்டடங்கள் பலவற்றில் உள்ளதுபோல அங்கும் தரையில் வெள்ளைப் பீங்கான் சில்லுகள் பதித்திருக்கிறார்கள். அவை வெயிலைக் கீழிருந்து மேலே வீசுகின்றன. "இது இருந்தால் தாடையின் நிழல் போய்விடும் சார், முகம் தட்டையாகிவிடும்," என்று சொல்லி, அந்த இளைஞர் கருநீல ஜமக்காளம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பெண்ணின் முன்னே விரித்தார். நிழலை நீக்கவன்றி நிறுத்தவும் பாடுபடும் ஒருவரை நான் அன்றுதான் கண்டேன். மாலை நான்கரை மணிக்கு வேட்டியின் ஒரு பக்கத்தை அவிழ்த்து, மேற்கு வெயில் தலைமுடியின் ஓரத்தை மட்டும் தொடுமாறு விட்டார்.

படம் வந்தது. நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தாற்போன்ற அந்தக் கருப்பு, கன்னத்தில் ஒளியோடு நின்றது. "நான்தான் மாமா," என்றாள் அவள். என் தமக்கை நெடுநேரம் பார்த்தாள். "லட்சணமாகத்தான் இருக்கிறாள்," என்று சொல்லி, அதையே உறையில் இட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பினாள். வெளுத்த படம் இன்னும் பீரோவில் இருக்கிறது. அதைக் கிழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.